அனல்மின் நிலையப் புகை: மணிக்கு மணி பொருந்தாத மாதிரி தேறினதா, தோத்ததா?

தோவாளைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல், கடைசி வருஷம். தூத்துக்குடி கடற்கரையில இருக்குற ஒரு அனல்மின் நிலையத்தை எடுத்துக்கிட்டேன் (பேரு இங்க வேண்டாம்). அதோட புகைபோக்கியில இருந்து வர்ற சல்பர் டை ஆக்சைடு எங்கெங்க எவ்வளவு இறங்குதுன்னு ஏர்மாட்ல (காற்றுல புகை பரவுறதைக் கணக்குப் போடுற கணினி மாதிரி, அதாவது மாடல்) ஓட்டி, சுத்துவட்டாரக் கருவிகள் காட்டுற அளவோட ஒப்பிடணும். அதுதான் ப்ராஜெக்ட்.

மணிக்கு மணி ஜோடி சேர்த்துப் படம் போட்டா கடுகைக் கொட்டினாப்ல கிடக்கு. மார்ச் மாசத்துல ஒரு நாளை எடுத்துக்கிடுங்க. காலை பதினோரு மணிக்குக் கருவி சட்டுன்னு ஏறுது, மாதிரி பூஜ்யத்துக்குப் பக்கத்துல படுத்துக் கிடக்கு. பன்னிரண்டு மணிக்கு மாதிரி ஏறுது, கருவி இறங்கிடுது. இப்படியே பக்கம் பக்கமா. ஆனா அளந்த எண்களைத் தனியா, மாதிரி சொன்ன எண்களைத் தனியா, பெருசுல இருந்து சிறுசுக்கு அடுக்கி வரிசைக்கு வரிசை படம் போட்டா கோடு ஏறக்குறைய நேராப் போகுது. மேல் நுனியில மட்டும் மாதிரி கொஞ்சம் குறைச்சுச் சொல்லுது.

கைடு முதல் படத்தைப் பாத்துட்டு "மாடல் ஃபெயில், வேற தலைப்பு பாரு"ன்னுட்டார். ரெண்டாவது படத்தை அவர் பாக்கவே மாட்டேங்கார். அடுத்த மாசம் ரிவ்யூ. இது தேறினதா, தோத்ததா?

கணக்குவாத்தியார்:

பிள்ளே, முதல் படம் அப்படித்தான் இருக்கும். ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாரு.

கருவி புகைபோக்கியில இருந்து 10 கி.மீ. தள்ளி இருக்குன்னு வை. நீ மாதிரிக்குக் கொடுத்த காற்றுத் திசையில 5 டிகிரி பிசகு. அங்க போய்ச் சேரும்போது புகையோட நடுக்கோடு 875 மீட்டர் விலகியிருக்கும். நடுநிலைக் காற்றுல, அதாவது பாஸ்கில் வகுப்பு (காற்று எவ்வளவு கலங்குதுன்னு ஏ முதல் எஃப் வரை பிரிச்சது) டி-யில, அந்தத் தூரத்துல பக்கவாட்டுப் பரவல் (சிக்மா-ஒய்) சுமார் 550 மீட்டர். காசியன் சூத்திரத்துல (நடுவுல அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையுற மணி வடிவப் பரவல்) போட்டா, நடுக்கோட்டுச் செறிவுல 28 சதவீதம்தான் கருவிக்குக் கிடைக்கும். அசைவில்லாத ராத்திரி, வகுப்பு எஃப்-னா சிக்மா-ஒய் அதுல பாதி. அப்போ பக்கவாட்டு விலகலை மட்டும் கணக்குல எடுத்தாலே நூத்துல ஒண்ணுகூடக் கிடைக்காது.

இத்தனைக்கும் 5 டிகிரிங்குறது தாராளம். வானிலைக் கம்பம் ஒரு இடத்துல, புகைபோக்கி இன்னொரு இடத்துல, அதுவும் கம்பம் 10 மீட்டர் உயரம், புகை போறது 300, 400 மீட்டர்லனா பிசகு அதைவிட அதிகமாவே இருக்கும். இயற்பியல் முழுக்கச் சரியா இருந்தாலும் உன் முதல் படம் கடுகாத்தான் சிதறும்.

குமரிக்கோடு:

நான் ஆலோசனை நிறுவனத்துல இந்த மாடலிங் வேலைதான் பாக்கேன். உங்க ரெண்டாவது படத்துக்குப் பேரு க்யூ-க்யூ படம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈ.பி.ஏ.) ஏர்மாடைச் சோதிச்சப்பவும் முக்கியமாப் பாத்தது அதைத்தான். காக்ஸ், டிக்வார்ட் ரெண்டு பேரும் 1990-ல ஒரு முறை சொன்னாங்க, ஆர்.எச்.சி.-ன்னு (நம்பகமான உச்சச் செறிவு). ஒரே ஒரு உச்ச மதிப்பை மட்டும் நம்பினா அது ஏதோ ஒரு மணி நேரத்து அதிர்ஷ்டமா இருந்துடலாம். அதனால மேல இருக்குற 26 மதிப்பை எடுத்து, முதல் 25-ஓட சராசரியில இருந்து 26-ஆவதைக் கழிச்சு, 3.65-ஆல பெருக்கி, 26-ஆவதோட கூட்டணும். அளந்ததுக்கு ஒண்ணு, மாதிரிக்கு ஒண்ணு போட்டு வகுத்துப் பாருங்க. 1-க்குப் பக்கத்துல வந்தா நல்லது.

அதே ஈ.பி.ஏ. வழிகாட்டியிலயே எழுதியிருக்கு: எங்கயோ எப்பவோ வர்ற உச்சச் செறிவை 10 முதல் 40 சதவீதப் பிசகுக்குள்ள சொல்ல முடியும். ஆனா 'இந்த இடம், இந்த மணி'ன்னு கேட்டா பொருத்தம் மோசமா இருக்கும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உங்க கைடுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

சின்னமுட்டம்:

படிக்காதவன் கேக்கேன், கோவிச்சுக்கப்பிடாது. எடத்தையும் விட்டாச்சு, நேரத்தையும் விட்டாச்சு, பெரிய எண்ணுக்குப் பெரிய எண்ணு சேர்த்து வச்சு 'பொருந்திட்டு'ன்னா அது என்ன வே பரிசோதனை? நான் சனிக்கிழமை வடக்க போய் மீன் பிடிச்சேன், நீரு செவ்வாக்கிழமை தெக்க மீன் வரும்னு சொன்னீரு, ரெண்டும் நூறு கிலோ. அதுக்காவ நீரு சொன்னது பலிச்சிட்டுன்னு நான் ஒத்துக்கிடணுமா?

குமரிக்கோடு:

அண்ணாச்சி, கேட்டது நியாயமான கேள்விதான். பதில் என்னன்னா, சட்டம் கேக்குறது அந்த நூறு கிலோவை மட்டும்தான். 2009-ல வந்த தேசியக் காற்றுத்தர வரம்புல சல்பர் டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம், வருஷச் சராசரி 50. இந்த நிலையம் வந்தா எங்கயாவது வரம்பு தாண்டுமான்னுதான் அனுமதி கொடுக்கிறவங்க பாக்காங்க. உச்சம் சரியா வந்தா அந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டு. 'எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல நேத்து பதினோரு மணிக்குப் பிள்ளைங்க இருமினதுக்கு இதுதான் காரணமா'ன்னு கேட்டா அந்தச் சோதனையில தேறின மாதிரிக்கு அதைப் பத்தி வாயைத் திறக்கவே உரிமை இல்ல. நடைமுறையில ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசிடுதாங்க. அறிக்கையில 'சரிபார்க்கப்பட்ட மாதிரி'ன்னு ஒரு வரி இருக்கும். எதுக்காகச் சரிபார்த்ததுன்னு அடுத்த வரியில இருக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம நாட்டுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில வர்ற அளவீடு நிலையம் கட்டுறதுக்கு முந்தி எடுத்தது. மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம், மூணு மாசம். அதுக்கு மேல மாதிரி சொல்ற எண்ணைக் கூட்டிக் காட்டுவாங்க. அது கூட்டல் கணக்கு, சோதனை இல்ல. நிலையம் ஓட ஆரம்பிச்ச பிறகு திரும்பிப் போய் 'நாம சொன்னது வந்துதா'ன்னு பாத்த அறிக்கை ஒண்ணுகூட என் கைக்கு வந்ததில்ல.

தோவாளைப்பூ:

நன்றி அக்கா. ஆர்.எச்.சி. போட்டேன். மாதிரி ÷ அளவீடு 1-க்குக் கீழதான் வருது, ஆனா படுமோசம் இல்ல. ஃபேக்-2 போட்டா நல்ல மதிப்பெண் வருது. அதை வச்சு கைடை மடக்கலாமா?

கணக்குவாத்தியார்:

அவசரப்படாதே மக்களே. மாதிரி சொன்னது அளந்ததுல பாதிக்கும் ரெண்டு மடங்குக்கும் இடையில எத்தனை தடவை விழுந்துதுங்குறதுதான் ஃபேக்-2. சாங், ஹன்னா 2004-ல எழுதின கட்டுரையில பாதிக்கு மேல விழுந்தா நல்ல மாதிரின்னு ஒரு அளவுகோல் வச்சாங்க, கூடவே எஃப்.பி. (சராசரியில எவ்வளவு கூட, குறையச் சொல்லுதுங்குற எண்) 0.3-க்குள்ள இருக்கணும். ஆனா அது பெரும்பாலும் வளைவுக்கோட்டு உச்சங்களை (ஒரே தூரத்துல வளைவா வச்ச கருவிகள்ல வந்த அதிகபட்சம்) ஒப்பிட்டுச் சொன்னது. மணிக்கு மணி, கருவிக்குக் கருவி ஒப்பிட்டு ஃபேக்-2 நல்லா வந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எஃப்.பி. என்ன சொல்லுதுன்னும் பாத்துக்கோ. அளந்த சராசரி 20, மாதிரிச் சராசரி 40-ன்னா எஃப்.பி. மைனஸ் 0.67. அதாவது ரெண்டு மடங்கு கூடச் சொல்லுதுன்னு அர்த்தம். ஆனா காலையில ரெண்டு மடங்கு கூடவும் மத்தியானம் அதே அளவு குறைச்சும் சொன்னா சராசரியில அடிபட்டு எஃப்.பி. பூஜ்யத்துக்கு வந்துடும். ஒற்றை எண்ணை நம்பாதே.

கேக்குறேன், பின்னணி அளவை எப்படிச் சேர்த்தே? பி.டி.எல்.-ன்னு (கருவியால அளக்க முடியாத அளவு குறைச்சல்) பதிவான மணிகளை என்ன செஞ்சே?

தோவாளைப்பூ:

பின்னணிக்கு ஒரே நிலையான எண். பி.டி.எல். வந்த இடத்துல கருவியோட கீழ் எல்லையில பாதி போட்டேன். மாதிரிக்கும் அதே பின்னணியைக் கூட்டினேன்.

கணக்குவாத்தியார்:

அங்கதான் மதிப்பெண் வந்திருக்கு. புகை அந்தப் பக்கமே வராத மணியில ரெண்டு பக்கமும் பின்னணி எண்தான் இருக்கும். பின்னணியும் பின்னணியும் பொருந்தாம எங்க போகும்? ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேற்குக் காற்று தூத்துக்குடிப் புகையை அப்படியே மன்னார் வளைகுடாவுக்குள்ள தள்ளிடும். கரையில இருக்குற உன் கருவிக்கு அந்த மாசமெல்லாம் லீவு. அந்த மணிகளை எடுத்துட்டு, கருவி புகைக்குக் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது புகையைக் காற்று கொண்டுபோற பக்கம் இருந்த மணிகளை மட்டும் வச்சு மறுபடி போடு.

குமரிக்கோடு:

சார் சொன்னதையே செய்யுங்க. பெரிய சோதனைகள் எல்லாம் எதுக்குத் தனித் தடவாயுவை (புகையை அடையாளம் காணக் கலந்து விடுற வாயு) தேடிப் போச்சுன்னும் புரியும். இலினாய்ஸ்ல கின்கெய்ட் அனல்மின் நிலையம், 187 மீட்டர் புகைபோக்கி, சுத்தி சமதளம். 1980, 81-ல புகையோட சல்பர் ஹெக்சாஃப்ளூரைடைக் கலந்து விட்டாங்க. காற்றுல அது இயல்பா இல்லாத மாதிரிதான், அவ்வளவு சொற்பம். அதனால கருவியில வந்தா இந்தப் புகைபோக்கியோடதுன்னு அடிச்சுச் சொல்லலாம், பின்னணித் தொல்லை இல்ல. அரை கிலோமீட்டர்ல இருந்து 50 கி.மீ. வரைக்கும் வளைவு வளைவாக் கருவி வச்சாங்க.

வளைவு எதுக்குன்னா, அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு அதுல பாதிப் பதில் இருக்கு. ஒரே தூரத்துல வரிசையாக் கருவி இருந்தா புகை 5 டிகிரி விலகினாலும் வேற ஒரு கருவியில மாட்டும். அந்த மணியில அந்த வளைவோட உச்சம் எவ்வளவுன்னு எடுத்து, மாதிரியோட அதே மணி உச்சத்தோட ஒப்பிடலாம். திசைப் பிசகைத்தான் மன்னிக்கோம், நேரத்தை விடல. பிறகு ஓலெசன்ங்குற ஆய்வாளர் தொகுத்த சோதனைத் தொகுப்புல ஒவ்வொரு வளைவுக்கும் 0 முதல் 3 வரை ஒரு தரஎண்ணே போட்டிருக்கு. 3-ன்னா உச்சம் தெளிவாச் சிக்கியிருக்கு, 0-ன்னா அந்த வளைவை நம்பாதே. கருவியையும் சந்தேகப்பட்டிருக்காங்க பாருங்க. நம்ம ஊர்ல கருவி சொன்னா வேதவாக்கு!

உங்களுக்கு நாலு திசையில நாலு கருவி. வளைவு இல்ல. அதனால ஜோடிச் சோதனை உங்களுக்கு ஆரம்பத்துலயே பாதி அடைபட்ட வழி.

சூளைக்காரன்:

இந்த இழையைச் சும்மா வாசிச்சிட்டே வந்தேன். அந்தப் பதினோரு மணிச் சமாச்சாரத்தை யாரும் தொடலியே? செண்பகராமன்புதூர் பக்கம் எங்களுக்குச் செங்கல்சூளை. விடியக்காலம் நெருப்பு நல்லாப் பிடிச்சிருக்கும்போது புகை தென்னந்தலைக்கு மேல ஒரே பட்டையா நீளமாக் கிடக்கும், கலையாது, கீழயும் இறங்காது. எட்டரை, ஒம்பது மணிக்கு வெயில் ஏறினதும் அந்தப் பட்டை மொத்தமும் பொத்துனு கீழ இறங்கும். அரைமணி நேரம் வயல்ல நிக்க முடியாது. பொறவு கலைஞ்சு போயிடும். சல்லிப்பய நேரம் அது. அந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து சத்தம் போடும்.

குமரிக்கோடு:

அண்ணன் சொன்னதுதான் புகையிறக்கம். சூளையில அது ராத்திரிக் குளிர்க்காற்று அடுக்கு உடையும்போது நடக்குது. கடற்கரைப் புகைபோக்கியில அதுவே பகல் முழுக்க நடக்கும், அதான் பெரிய வம்பு.

கடல்காற்று குளிர்ந்து, அடுக்கடுக்கா, கலக்காம வரும். கரையில ஏறினதும் சுட்ட மண்ணு அதைக் கீழ இருந்து கிண்ட ஆரம்பிக்கும். கிண்டப்படுற அடுக்கு கரையில மெல்லிசா இருந்து உள்ள போகப் போகத் தடிக்கும். கரையோரத்துல நிக்குற உயரமான புகைபோக்கியோட புகை முதல் சில கிலோமீட்டர் அந்த அடுக்குக்கு மேல, அமைதியான காற்றுல, கலையாமக் கெட்டியாவே போகும். அடுக்கு வளர்ந்து வந்து புகையைத் தொட்ட இடத்துல மொத்தமும் தரைக்கு வரும். லயன்ஸ், கோல் ரெண்டு பேரும் 1973-ல மிச்சிகன் ஏரிக்கரையில இதைப் பதிவு செஞ்சாங்க. 1978-ல ஈரி ஏரிக்கரையில நான்டிகோக் அனல்மின் நிலையத்துல இதுக்குன்னே ஒரு களச்சோதனை நடந்துது.

ஏர்மாட் வழக்கமா ஓடும்போது இந்தச் சாய்வான அடுக்கு அதுக்குத் தெரியாது. ஒரு மணிக்கு ஒரே கலப்பு உயரம், கரையிலயும் அதேதான், பத்து கிலோமீட்டர் உள்ளயும் அதேதான். அதனால ஒண்ணு புகையை ஆரம்பத்துல இருந்தே கலந்துடும், இல்லனா மேலயே விட்டுடும். உங்க பதினோரு மணிக்கு மேல விட்டிருக்கு, பன்னிரண்டுக்குத்தான் கீழ கொண்டு வந்திருக்கு. மேல் நுனி குறையுறதுக்கும் இதுதான் காரணமா இருக்கணும்னு எனக்குத் தோணுது. ப்ராஜெக்ட்டோட உயிரே அங்கதான் இருக்கு. வேற தலைப்பு எதுக்கு?

முப்பந்தல்:

காத்தாலைப் பக்கம் வேலை பாக்கேன். எங்ககிட்ட உயரமான கம்பத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திசை, வேகம் பதிவாகும். அந்த மாதிரி தரவு கிடைச்சா தங்கச்சிக்கு உதவுமா?

குமரிக்கோடு:

உயரக் கம்பம்னு கேட்டதும் வாயூறுது, ஆனா முப்பந்தல் காற்று கணவாய்க் காற்று. மலை ரெண்டு பக்கமும் நெருக்கி ஒரே திசையில ஊதுற இடம். அதைத் தூத்துக்குடிக் கரைக்குக் கொடுத்தா கடல்காற்றே இல்லாத ஒரு ஊரைத்தான் மாதிரி கட்டும். வேண்டாம்.

காற்றை விட வெளியேற்றத்தைப் பாருங்க. என்ன எண் கொடுத்தீங்க?

தோவாளைப்பூ:

முழு லோடுல ஓடினா வர்ற அளவை வருஷம் பூரா ஒரே எண்ணாக் கொடுத்தேன். அனுமதி அறிக்கையில இருந்தது.

குமரிக்கோடு:

அனுமதிக்கு அது சரி, சோதனைக்கு ஆகாது. ஒரு பேச்சுக்கு 210 மெகாவாட் அலகு ஒண்ணு எடுங்க. யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரின்னா மணிக்கு 147 டன். கந்தகம் 0.5 சதவீதம்னா மணிக்கு 1.47 டன் சல்பர் டை ஆக்சைடு, வினாடிக்கு சுமார் 400 கிராம். அலகு பாதி லோடுல ஓடினா அதுவும் பாதி. நிறுத்தி வச்சிருந்தா பூஜ்யம். லோடு குறைஞ்சா புகையோட வேகமும் குறையும், எழும்புற உயரமும் குறையும். அப்போ பாதி வெளியேற்றம் தரையில பாதிச் செறிவாத்தான் வரும்னும் சொல்ல முடியாது. அந்தந்த மணியோட மின் உற்பத்தியையாவது வாங்குங்க.

புகைபோக்கி உயரத்துக்கு 14 பெருக்கல் கியூ அடுக்கு 0.3-ன்னு ஒரு விதி இருக்கு, கியூ-ங்குறது மணிக்கு எத்தனை கிலோ சல்பர் டை ஆக்சைடுன்னு. மேல சொன்ன 1470-ஐப் போட்டா 125 மீட்டர்தான் வரும். ஆனா 210 மெகாவாட்டுக்கு 220, 500-க்கு 275-ன்னு தனியா விதிச்சிருக்காங்க. உயரமாக் கட்டினா எல்லாம் சரியாயிடும்ங்குற நம்பிக்கை. 2025 ஜூலையில கந்தக நீக்கக் கருவியில இருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு கொடுத்தப்பவும் உயர விதியை நிறைவேத்தணும்னுதான் நிபந்தனை. கடற்கரையில உயரம் என்ன செய்யும்னு சூளைக்காரண்ணன் சொல்லிட்டாரு.

சின்னமுட்டம்:

எல்லாம் சரி. ஐப்பசி கார்த்திகையில வாடையும் கொண்டலும் அடிக்கும்போது அந்தப் புகை நம்ம குமரி மாவட்டத்துக்கு வருமா வராதா? உடன்குடியில வேற 660 மெகாவாட்டுல ரெண்டு. அதுக்கு இந்தப் பிள்ளை கணக்குல பதில் உண்டா?

கணக்குவாத்தியார்:

இல்ல அண்ணாச்சி. தூத்துக்குடியில இருந்து நாகர்கோவிலுக்கு நேர்கோட்டுல நூறு கிலோமீட்டர் சுமார், உடன்குடியில இருந்து எழுபது. ஏர்மாட் போல காசியன் மாதிரிகளுக்கு 50 கி.மீ.தான் எல்லை. அதுக்கு மேல காற்று வழியில திரும்பும், ஒரு மணியில ஒரே திசைங்குற அனுமானம் உடைஞ்சிடும். அந்தத் தூரத்துக்கு ஹைஸ்பிளிட், கால்பஃப் போல வேற ரக மாதிரி வேணும். அதுக்குச் சோதனையும் வேற ரகம். 1994 அக்டோபர்ல பிரான்ஸ்ல ஒரு இடத்துல தடவாயுவை விட்டு 17 நாடுகள்ல 168 இடத்துல அளந்தாங்க, ஈடெக்ஸ்-ன்னு பேரு. வடகிழக்குக் காற்றுல புகை நம்ம பக்கம் திரும்பலாம். எவ்வளவுன்னு இந்தப் பிள்ளை ஓட்டின மாதிரியை வச்சு யாராவது எண்ணு சொன்னா நம்பாதீங்க.

முப்பந்தல்:

அப்போ கூடங்குளம்? அது கன்னியாகுமரி முனையில இருந்து இருபது கிலோமீட்டர்தானே.

மட்டுறுத்துநர்:

கூடங்குளம் வேணுமா வேண்டாமாங்குற சண்டைக்குத் தனி இழை இருக்கு. இங்க மாதிரிச் சோதனை மட்டும்.

குமரிக்கோடு:

சோதனை பத்தியே சொல்லுதேன். அணுமின் நிலையத்துல நிலக்கரிப் புகை இல்ல, ஆனா கல்பாக்கத்துல நல்ல ஒரு வழி கிடைச்சிருக்கு. அங்க பழைய உலைகள்ல இருந்து ஆர்கான்-41 வழக்கமாவே கொஞ்சம் வெளிய வரும், அரை ஆயுள் 1.8 மணி. வேற எங்க இருந்தும் வந்து கலக்காது, சேர்ந்தும் கிடக்காது. புகையில இருந்து வர்ற காமா அளவைச் சுத்தி அளந்து, கடல்காற்றைத் தனியாக் கணிக்கிற வானிலை மாதிரியோட சேர்த்து ஒப்பிட்டிருக்காங்க. நம்ம கரையில, நம்ம கடல்காற்றுல நடந்த சோதனை. தோவாளைப்பூ, கின்கெய்ட் கட்டுரையை விட அதைத்தான் நீங்க முதல்ல வாசிக்கணும்.

தோவாளைப்பூ:

எல்லாருக்கும் நன்றி. ரிவ்யூவுக்கு இப்படிப் போகலாம்னு இருக்கேன்: கருவி கீழ்க்காற்றுல இருந்த மணிகளை மட்டும் எடுத்து, கடல்காற்று மணி, கரைக்காற்று மணின்னு ரெண்டாப் பிரிச்சு, தனித்தனி க்யூ-க்யூ, தனித்தனி ஆர்.எச்.சி. கடல்காற்றுப் பக்கம் மட்டும் மேல் நுனி குறைஞ்சா அக்கா சொன்ன காரணம் நிக்கும். ரெண்டு பக்கமும் குறைஞ்சா வெளியேற்ற எண்ணைச் சந்தேகப்படுவேன். மணிவாரி உற்பத்திக்கு நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன், 'தர இயலாது'ன்னு ஒத்தை வரியில பதில்.

கணக்குவாத்தியார்:

நிலையத்துல கேக்காதே. எந்த அலகு எந்த நாள் எவ்வளவு ஓடுச்சு, எது நின்னு கிடந்துதுன்னு மத்திய மின்சார ஆணையத்தோட தினசரி உற்பத்தி அறிக்கையில வரும். மணிவாரி இல்ல, நாள்வாரிதான். ஆனா அலகு நின்ன நாட்களைப் பிரிச்சு எடுத்துடலாம். அந்த நாட்கள்ல கருவி என்ன காட்டுச்சோ அதுதான் உன் உண்மையான பின்னணி. அந்த நிலையான எண்ணை எடுத்துட்டு இதைப் போடு.

சூளைக்காரன்:

தங்கச்சி, கடல்காற்று எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு பிரிக்க அந்த ஊர் போட்டுக்காரங்களைக் கேளு. கம்பியூட்டர் அரைமணி முன்னப்பின்ன சொல்லும், அவங்க சொல்ல மாட்டாங்க.

சின்னமுட்டம்:

தூத்துக்குடியில என் மச்சான் வள்ளம் வச்சிருக்கான். நம்பர் தனிச்செய்தியில போடுகேன். மார்ச் மாசக் காத்துன்னு சொல்லிக் கேளு, மாசத்துக்கு மாசம் நேரம் மாறும்.